அஃறிணை பேசுகிறது

ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’ வேறு, ‘செக்யூரிட்டி’ வேறு. தமிழில் இரண்டுக்கும் ‘பாதுகாப்பு’ என்றே எழுதிவிட்டுப் போகிறோம். இருபது வருடங்களாக மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தும் எனக்கு இது பழகிப்போன சங்கடம். மிக்ஸியுடன் வரும் கையேட்டில் இருப்பது ஒரு பாதுகாப்பு. எல்லைப் படையைப் பற்றிய செய்தியில் வருவது இன்னொரு பாதுகாப்பு. வாசகர் இடம் பார்த்துப் பொருள் கொள்வார் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த மிக்ஸியே இன்டர்நெட்டில் இணைந்துகொண்டால் என்ன செய்வது? விரலை வெட்டாமல் இருப்பதும் பாதுகாப்பு. முன்பின் தெரியாத ஒருவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு அதை ஓட்டாமல் பார்த்துக்கொள்வதும் பாதுகாப்பு. ஒரே பக்கத்தில், சில சமயம் ஒரே வாக்கியத்தில், இரண்டும் வந்து நிற்கின்றன.

இந்தச் சங்கடம்தான் என்னைத் தில்லிக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் வகுப்பறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் பேராசிரியர் ஒருவர் இன்டர்நெட்டில் இணைந்த சாதனங்களின் பாதுகாப்பு பற்றி ஒரு பாடம் நடத்துகிறார். விசேஷம் என்னவென்றால், அது இன்ஜினியரிங் மாணவர்களுக்கு மட்டுமானதல்ல. மாணவர்கள் துறைச் சுவர்களைத் தாண்டிப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வழி செய்ய வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொன்னாலும் சொன்னது, சட்டம், நர்ஸிங், சமூகப் பணி, வேளாண்மை, வணிகவியல், வரலாறு என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாதிப் பேர் பிளஸ் டூவில் இயற்பியல் படிக்காதவர்கள். “இவர்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும். அதைவிட முக்கியம், இவர்கள் பிறருக்குப் புரியும்படி எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒருவர் தேவை” என்றார் பேராசிரியர். சாதனக் கையேடுகள் பலவற்றை மொழிபெயர்த்த அனுபவம் எனக்கு உண்டு. இருந்தாலும், “நான் படித்தது எம்.ஏ. தமிழ்” என்று நினைவூட்டினேன். “இன்ஜினியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்” என்று பதில் வந்தது. சனிக்கிழமைதோறும் மெட்ரோ பிடித்துப் போகத் தொடங்கினேன்.

பெயரிலேயே வில்லங்கம். ‘இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்’ என்பது 1999ல் கெவின் ஆஷ்டன் என்ற பிரிட்டிஷ்காரர், பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் தாம் ஆற்றிய ஓர் உரைக்கு வைத்த தலைப்பு. சரக்குகளில் சின்னஞ்சிறு ரேடியோ சில்லுகளைப் பொருத்திவிட்டால் அவை தம் இருப்பைத் தாமே கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும் என்பது அவருடைய யோசனை. தமிழில் ‘பொருட்களின் இணையம்’ என்கிறார்கள். தமிழ் படித்தவருக்குப் பொருள் என்றால் பண்டம் மட்டுமா? செல்வமும் பொருள்தான், அர்த்தமும் பொருள்தான். முப்பாலில் நடுப்பால் பொருட்பால். வணிகவியல் மாணவர் இதைப் பார்த்துப் பங்குச் சந்தை விவகாரம் என்று நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. தொல்காப்பியம் உலகத்தை உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பிரித்துவைத்தது. மனிதர்கள் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. விளக்கும் பூட்டும் தராசும் அஃறிணை. நாம் அவற்றைப் பயன்படுத்துவோம். அவை நம்மைப் பற்றி யாரிடமும் போய் எதுவும் சொல்வதில்லை. இந்த நம்பிக்கையில்தான் பூட்டிய கதவுக்குப் பின்னால் சண்டை போடுகிறோம், விளக்கு வெளிச்சத்தில் உடை மாற்றுகிறோம், தராசில் ஏறி நின்று எடையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

முதல் வகுப்பில் பேராசிரியர் விரிவுரை எதுவும் ஆற்றவில்லை. மேஜையில் ஒரு பல்பை மாட்டினார். செல்போனைத் தொட்டால் எரியும், மறுபடி தொட்டால் அணையும் ரகம். பல்புக்கும் வெளி உலகத்துக்கும் இடையே போய்வரும் தகவல் பொட்டலங்களை வரிவரியாகக் காட்டும் நிரல் ஒன்று பக்கத்துத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்தார். வரிகள் நிற்கவில்லை. சற்றைக்கொரு தரம் அந்த பல்ப் எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரைத் தொடர்புகொண்டு ‘நான் இருக்கிறேன்’ என்றது. ‘சரி’ என்று அங்கிருந்து பதில் வந்தது. அடுத்த கட்டளை வந்து சேர வழி திறந்திருக்க வேண்டுமே, அதற்காக. தப்பான காரியம் எதுவும் நடக்கவில்லை. பல்ப் தன் வேலையைத்தான் செய்தது. ஆனால் வகுப்பு சற்று நேரம் பேச்சு மூச்சில்லாமல் இருந்தது. “அப்படியானால் நான் எத்தனை மணிக்குத் தூங்குகிறேன் என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?” என்று கேட்டான் வரலாறு படிக்கும் பையன். “தெரிந்துகொள்ள முடியும்” என்றார் பேராசிரியர்.

இது நேற்று முளைத்த கவலையுமல்ல. வீட்டுக்குள் வரும் மொத்த மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே எந்தச் சாதனம் எப்போது ஓடுகிறது என்று சொல்லிவிடும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1980களிலேயே உருவாக்கினார். ஆட்களை வேவு பார்க்கவும் இது பயன்படும் என்று 1989ல் எச்சரித்தவரும் அவரே. இந்திய அரசு 2021ல் ஏற்றுக்கொண்ட மின் விநியோகச் சீர்திருத்தத் திட்டத்தின் இலக்கு 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள். இதைச் சொன்னபோதுதான், கம்ப்யூட்டர் பாடம் என்று நினைத்து ஒதுங்கி உட்கார்ந்திருந்த கடைசி வரிசை நிமிர்ந்தது. மீட்டர் இல்லாத வீடு ஏது?

இந்தப் பாடத்தை யாருக்கு நடத்தினாலும் சொல்லியாக வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. 2016ல் ‘மிராய்’ என்ற நிரல் உலகெங்கும் உள்ள கேமராக்கள், வீடியோ ரெக்கார்டர்கள், ரவுட்டர்கள் ஆகியவற்றின் கதவைத் தட்டியது. அதன் கையில் இருந்த ஆயுதம் ஒரு பட்டியல். தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்படும் பெயர்களும் கடவுச்சொற்களும் சுமார் 60 ஜோடி. ‘அட்மின், அட்மின்’ என்பது போன்றவை. வாங்கியவர்கள் அவற்றை மாற்றவில்லை. பல சாதனங்களில் மாற்ற வழியும் இல்லை. லட்சக்கணக்கான சாதனங்கள் ஒரு ரகசியப் படையில் சேர்க்கப்பட்டன. சேர்ந்த விஷயம் அவற்றின் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. கேமரா வழக்கம்போல் வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது. நிரலை எழுதியவர்கள் அதைப் பகிரங்கமாக வெளியிட்ட சில வாரங்களில், 2016 அக்டோபர் 21 அன்று, இத்தகைய படை ஒன்று அமெரிக்காவின் ‘டின்’ நிறுவனத்தைத் தாக்கியது. இணையதளங்களின் முகவரிகளைத் தேடித் தரும் நிறுவனம் அது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின.

எழுதியவர்கள் யார்? ஏதோ எதிரி நாட்டு உளவுப் படையாக இருக்கும் என்று வகுப்பில் எல்லோரும் ஊகித்தார்கள். இருபது வயதைச் சுற்றிய மூன்று இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ‘மைன்கிராஃப்ட்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைச் சுற்றி நடக்கும் வியாபாரப் போட்டியில் தொடங்கிய விவகாரம் அது. அவர்களில் ஒருவரான பராஸ் ஜா, தாம் படித்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் வலையமைப்பையே திரும்பத் திரும்ப முடக்கியவர். அதற்கு 2018ல் நீதிமன்றம் ஆறு மாத வீட்டுக் காவலும் 86 லட்சம் டாலர் நஷ்டஈடும் விதித்தது.

கெட்டிக்கார மாணவர், தன் பல்கலைக்கழகம், கைக்கெட்டும் தூரத்தில் திறந்த கதவு. கதையைக் கேட்டு முன்வரிசையில் இருந்த இன்ஜினியரிங் மாணவர்கள் சிலரின் கண்கள் பளபளத்ததைக் கவனித்தேன். பூட்டு திறக்கக் கற்றுக்கொடுக்காமல் பூட்டைப் பற்றிக் கற்றுக்கொடுக்க முடியாது. கற்றுக்கொடுத்துவிட்டால், ‘திறந்துதான் பார்ப்போமே’ என்ற அரிப்பைத் தடுக்க முடியாது. இந்தப் பாடத்தின் ஆபத்து அதுதான்.

அதற்குப் பேராசிரியர் வைத்திருந்த மருந்து, மற்ற துறை மாணவர்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு இன்ஜினியருக்கு மூன்று பேர் வெளியாட்கள். கருவியைத் தொடுபவர் இன்ஜினியராக இருக்கலாம். தொடலாமா என்று முடிவு செய்வது குழு. தொடுவதெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் சொந்தமாக வாங்கி, வெளி உலகத்தோடு தொடர்பில்லாமல் வைத்திருக்கும் சாதனங்களை மட்டும்.

வெளியாட்கள் அலங்காரத்துக்கு வரவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. ‘வலுவான கடவுச்சொல்தான் முதல் பாதுகாப்பு’ என்று ஒரு இன்ஜினியர் மாணவர் பலகையில் எழுதியபோது, கேரளத்திலிருந்து வந்திருந்த நர்ஸிங் மாணவி கையைத் தூக்கினாள். நரம்பில் மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப்பை உதாரணம் காட்டினாள். ராத்திரி மூன்று மணி. நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது. மருந்தின் அளவை உடனே கூட்ட வேண்டும். கையில் கையுறை. “அந்த நேரத்தில் பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல்லை அடிக்கச் சொல்வீர்களா? அடிக்க மாட்டோம். எண்ணைக் காகிதத்தில் எழுதி பம்ப்பின் மேலேயே ஒட்டிவைப்போம்” என்றாள்.

அதே சமயம் பம்ப்பைத் திறந்து போட்டுவிடவும் முடியாது. மருத்துவமனையின் வலையமைப்பு வழியாக நுழைந்து மருந்தின் அளவை மாற்ற முடியும் என்பதால், ஹோஸ்பிரா நிறுவனத்தின் ‘சிம்பிக்’ பம்ப்பைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015 ஜூலையில் மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. 2017ல் சுமார் 4 லட்சத்து 65 ஆயிரம் பேஸ்மேக்கர்களுக்குப் புதிய நிரல் ஏற்ற வேண்டிவந்தது. நெஞ்சுக்குள் இருக்கும் கருவி. ஆனாலும் அதற்கும் ஓட்டை, அதற்கும் ஒட்டு. ‘சேஃப்டி’யும் ‘செக்யூரிட்டி’யும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் இடம் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. தமிழில் இனி முதலாவதை ‘ஆபத்தின்மை’ என்றும் இரண்டாவதை ‘காவல்’ என்றும் எழுதலாமா என்று மெட்ரோவில் திரும்பும்போது யோசித்தேன். சொற்கள் நன்றாக இல்லை. ஆனால் வேறுபாடு இல்லாமல் மருத்துவமனைக் கையேட்டை மொழிபெயர்க்கக் கூடாது என்பது மட்டும் உறுதியாயிற்று.

விதர்ப்பாவிலிருந்து வந்த வேளாண்மை மாணவன் கொண்டுவந்தது வேறு சரக்கு. அவன் அப்பாவின் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் சிம் கார்டு போட்ட சிறிய பெட்டி ஒன்று இருக்கிறது. ஃபோன் செய்தால் மோட்டார் ஓடும். எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் ஓடும். வகுப்பு சிரித்தது. ‘இதைவிடப் பெரிய ஓட்டை உண்டா?’ என்றார்கள். அவன் சிரிக்கவில்லை. “எங்களுக்குக் கரண்ட் ராத்திரியில் வரும். அப்பா டார்ச் விளக்கோடு வயலுக்கு நடந்து போவார். பாம்பு உண்டு, வரப்பில் அறுந்து கிடக்கும் ஒயர் உண்டு. இந்தப் பெட்டி வந்த பிறகு அவர் வீட்டில் படுத்துத் தூங்குகிறார். இதைக் கழற்றச் சொல்லாதீர்கள். இதை எப்படிச் சரி செய்வது என்று சொல்லுங்கள்” என்றான். அந்தக் குழுவின் அரையாண்டு வேலை அதுவாகவே ஆயிற்று. பதிவு செய்த எண்களுக்கு மட்டும் கட்டுப்படும்படி செய்யவும், அதோடு ஒரு ரகசிய எண்ணையும் கேட்கவும் வழி கண்டார்கள். ஆபத்து என்று பயமுறுத்துவது சுலபம். எந்த ஆபத்துக்குப் பதிலாக எந்த ஆபத்து என்று கணக்குப் பார்ப்பதற்கு வயலைத் தெரிந்தவர் வேண்டியிருக்கிறது.

லக்னோவிலிருந்து வந்த சமூகப் பணி மாணவி கேட்ட கேள்விதான் என்னை அதிகம் பாதித்தது. பாடப்புத்தகப் படங்களில் தாக்க வருபவன் எப்போதும் முகமூடி போட்டு, தொப்பி மாட்டி, தூர தேசத்தில் உட்கார்ந்திருப்பான். “வீட்டில் கடவுச்சொல் யார் கையில் இருக்கிறது?” என்றாள் அவள். கேமரா, பூட்டு, ஏ.சி. எல்லாம் கணவனின் ஃபோனில். அவன் ஊரில் இல்லாதபோதும் வாசல் மணி அடித்தது யார், கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்று பார்ப்பான். இங்கே யாரும் எதையும் உடைத்து நுழையவில்லை. சாதனம் ஒழுங்காக வேலை செய்கிறது, அதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் பெண்களுக்கான உதவி மையங்களுக்கு இப்படிப்பட்ட புகார்கள் வருவதாக 2018ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியிருக்கிறது. அவள் அதைப் படித்திருக்கவில்லை. களப்பணிக்குப் போன வீட்டில் பார்த்ததைச் சொன்னாள்.

எனக்கு மன்னார்குடியில் தனியாக இருக்கும் அம்மாவின் ஞாபகம் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி பாசத்தோடு கூடத்தில் ஒரு கேமரா வைக்க ஏற்பாடு செய்தான். எழுபத்தெட்டு வயது, விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்ற பயம் நியாயமானது. மாட்டிய கடைப் பையன் கடவுச்சொல்லைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதிவிட்டு, “எல்லா வீட்டுக்கும் இதேதான் பாட்டி, மறந்தா என்னைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா காலையில் தலை வாரும்போது கேமராவின் மேல் ஈரத் துண்டு ஒன்றைப் போட்டுவிடுவார். தம்பிக்கு வருத்தம். என்னிடம் சொல்லிக் கேட்கச் சொன்னான். கேட்டேன். “அவன் பாக்குறது எனக்கு ஒண்ணுமில்லடி. அவன் கூட வேற யாரு பாக்குறான்னு யாராவது சொன்னா துண்ட எடுத்துடறேன்” என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அந்த வாரம் ஊருக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தேன். கேமராவைக் கூடத்திலிருந்து திருப்பி, விழுந்துவிடுவாரோ என்று நாங்கள் பயப்படும் பின்கட்டுப் படிகளைப் பார்க்கும்படி வைத்தோம். துண்டு கொடிக்குத் திரும்பியது.

அம்மாவின் கேள்வியை இன்னொரு நாட்டில் ஓர் அரசாங்கமே கேட்டிருக்கிறது. ‘கேலா’ என்ற பேசும் பொம்மையோடு பக்கத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் கடவுச்சொல் இல்லாமல் புளூடூத் வழியாக இணைந்து குழந்தையின் பேச்சைக் கேட்க முடியும், குழந்தையோடு பேசவும் முடியும் என்று தெரிந்தவுடன், 2017 பிப்ரவரியில் ஜெர்மனி அதை மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று அறிவித்துத் தடை செய்தது. வைத்திருக்கும் பெற்றோர்கள் அழித்துவிட வேண்டும் என்றது. பொம்மைக்குள் இருந்தது மைக் என்று பார்த்தவர் இன்ஜினியர். மைக் இருக்கும் பொம்மை சட்டத்தின் கண்ணில் வேறு பொருள் என்று பார்த்தவர் வக்கீல். அமெரிக்க ராணுவத்தினர் ஓடிய பாதைகள் ‘ஸ்ட்ராவா’ என்ற உடற்பயிற்சிச் செயலியின் உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாகத் தெரிந்து முகாம்களைக் காட்டிக்கொடுத்ததை 2018 ஜனவரியில் முதலில் சுட்டிக்காட்டியவர், ஆஸ்திரேலியாவில் சர்வதேசப் பாதுகாப்பு படித்துக்கொண்டிருந்த இருபது வயது மாணவர் நேதன் ரூசர். பாலைவனத்தின் நடுவே யார் வட்டமாக ஓடுவார்கள் என்று யோசிப்பதற்குக் கம்ப்யூட்டர் பட்டம் தேவைப்படவில்லை.

வருடத்தின் நடுவில் சோதனை ஒன்று வந்தது. பெண்கள் விடுதியின் தாழ்வாரத்தில் இருந்த கேமராவின் அடியில் தயாரிப்பாளர் ஒட்டிய லேபிள், பெயர், கடவுச்சொல் சகிதம் அப்படியே இருப்பதை எங்கள் மாணவி ஒருத்தி பார்த்துவிட்டாள். வகுப்பில் கொந்தளிப்பு. “இரண்டு நிமிடம் கொடுங்கள், இதே கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்” என்றான் ஒருவன். சட்ட மாணவி மடக்கினாள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. சொந்தக்காரரின் அனுமதியில்லாமல் நுழைவது 43ஆம் பிரிவில் வரும். மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவு; மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். “எனக்கு மோசடி எண்ணம் இல்லையே?” “அதை நீதிபதியிடம் சொல்லிக்கொண்டிரு. அதற்குள் படிப்பு முடிந்துவிடும்.”

தொடாமலே தெரிவிப்பது என்று முடிவாயிற்று. அங்கேதான் என் வேலை. கடிதத்தை ஐந்து முறை திருத்தினோம். முதல் வடிவத்தில் பல்கலைக்கழகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள். இரண்டாவதில் ‘தாழ்மையுடன்’ என்ற சொல் மூன்று முறை வந்தது. கடைசியில் எஞ்சியது ஆறு வாக்கியங்கள். என்ன பார்த்தோம், எங்கே, எப்போது, நாங்கள் எதையும் தொடவில்லை, இதனால் என்ன நேரக்கூடும், என்ன செய்தால் சரியாகும். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு வந்ததும் பதிலல்ல, கேள்வி. கேமராவின் அடியில் பார்க்க மாணவிகளுக்கு அனுமதி கொடுத்தது யார்?

அந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு மாணவி அழுதாள். பேராசிரியர் நேரில் போய்ப் பேசினார். அடுத்த திங்கட்கிழமை லேபிள் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. கடவுச்சொல் மாறியதா? தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றால் அது குற்றம். திருட்டுப் பயலைப் பிடிக்க எழுதிய சட்டம், கதவு திறந்திருக்கிறது என்று வந்து சொல்பவரையும் வாசலில் நிறுத்திவைத்து விசாரிக்கிறது. ஓட்டைகளைத் தெரிவிக்க மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பிடம் வழி இருக்கிறது. ஆனால் இருபது வயதுப் பெண் தன் விடுதியைப் பற்றித் தில்லிக்கு எழுதுவதற்கு முன், தன் விடுதியிலேயே அதை அச்சமில்லாமல் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? ஒவ்வொரு கல்லூரியும் ஒரு முகவரியை அறிவித்து, ‘நல்லெண்ணத்தோடு சொல்பவர் மேல் நடவடிக்கை இல்லை’ என்று எழுத்தில் கொடுத்தால் போதும். செலவு ஒரு காகிதம்.

சட்டங்கள் மெல்ல அசைந்துகொண்டுதான் இருக்கின்றன. எல்லாச் சாதனத்துக்கும் ஒரே கடவுச்சொல் வைக்கக் கூடாது என்பதை முதல் விதியாகக் கொண்ட நடைமுறை நெறிகளை நம் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021ல் வெளியிட்டது. அவை பரிந்துரைகள். பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவோம் என்பதையும் விற்பவர் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று 2024ல் ஆணை பிறந்து, 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்லது. ஆனால் ஏற்கெனவே சுவர்களில் தொங்கும் கேமராக்கள் எந்தச் சோதனையும் எழுதாமலே தேறியவை.

வருடக் கடைசியில் பரீட்சைக்குப் பதிலாக ஒரு பயிற்சி. இன்டர்நெட்டில் இணைந்த ஏதாவது ஒரு சாதனத்தைப் பற்றி, அதைப் பயன்படுத்தப்போகும் ஒருவருக்கு, அவரவர் தாய்மொழியில் ஒரே பக்கத்தில் அறிவிப்பு எழுத வேண்டும். ‘ஹேக்கர்’, ‘டேட்டா’, ‘சைபர்’ என்ற மூன்று சொற்களுக்கும் தடை. இன்ஜினியர்கள் திணறினார்கள். மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, “மேம், எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது” என்றாள். பாட்டியிடம் பேசுவது போலப் பேசிப் பதிவு செய்து கொடு என்றேன். இரண்டு நிமிடப் பேச்சு. ‘பாட்டி, கரண்ட் ஆபீஸ்லேர்ந்து பேசறோம், நம்பர் சொல்லுன்னு யாரு கேட்டாலும் சொல்லாதே, நானே கேட்டாலும், இது நான்தானான்னு முதல்ல வேற ஏதாவது கேட்டுப் பாரு’ என்று தொடங்கியது. ‘ஆதென்டிகேஷன்’ என்ற சொல்லுக்கு நான் ஒரு வாரமாகத் தேடிய விளக்கம் அதற்குள் இருந்தது.

விதர்ப்பா மாணவன் மராத்தியில் எழுதியது ஐந்தே வரி. அதன் சாரம் இது. ஸ்டார்ட்டரின் ஃபோன் எண்ணை மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதாதீர்கள். யார் யார் அழைக்கலாம் என்று நீங்களே பதிவு செய்யுங்கள். வேலையாள் மாறினால் எண்ணையும் மாற்றுங்கள். மாதம் ஒரு முறை, பதிவில்லாத ஃபோனிலிருந்து அழைத்துச் சோதித்துப் பாருங்கள். விற்றவர் நாளைக்குக் கடையை மூடிவிட்டால் மோட்டாரைக் கையால் போட வழி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

அந்தக் கடைசி வரியைப் பேராசிரியர் இரண்டு முறை வாசித்தார். பிறகு வகுப்பைக் கூட்டிக்கொண்டு தில்லி நேரு பிளேஸுக்குப் போனோம். ஒரு கடையில் கேமரா, பல்ப், பூட்டு எல்லாம் வரிசையாக இருந்தன. மாணவர்கள் மூன்று கேள்விகள் கேட்டார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கடவுச்சொல்லா? எந்த வருடம் வரை திருத்தங்கள் வரும்? இன்டர்நெட் இல்லாவிட்டால் இது வேலை செய்யுமா? கடைக்காரர் மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வெள்ளை, கறுப்பு, சில்வர், மூன்று கலரும் இருக்கிறது” என்றார்.

மாணவர்கள் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை வேறு நான்கு பேர் அதே கடைக்குப் போய் அதே மூன்று கேள்விகளைக் கேட்டார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை இன்னும் நான்கு பேர். போன மாதம் ஒரு பூட்டு வாங்க நானே போயிருந்தேன். அடையாளம் தெரிந்ததோ என்னவோ, நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் பெட்டியைத் திருப்பி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பின்பக்கப் பொடி எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினார்.